ரூகர் 10/22: இரண்டு வருஷம் சுட்டபின் சொல்கிறேன், வீட்டுக் காவலுக்கு இது தேறுமா?

எங்கள் தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் கராஜ் கதவை நெம்பித் திறந்து திருடிவிட்டுப் போனார்கள். டாலஸுக்கு வடக்கே இருக்கிற புறநகர், பாதித் தெரு நம்ம ஆட்கள், அதனால் அந்த வருஷம் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில்கூட ஒரே துப்பாக்கிப் பேச்சு. அப்போது வாங்கியதுதான் இந்த ரூகர் 10/22, .22 என்கிற சின்னத் தோட்டாவைச் சுடுகிற ரைஃபிள். கையில் உதைக்காது, தோட்டா மலிவு, மனைவியும் சுடலாம், வீட்டுக் காவலுக்கும் ஆச்சு என்று ஒரே கல்லில் நாலு மாங்காய்க்குக் கணக்குப் போட்டேன். மூன்று விழுந்தது. விழாத நாலாவது மாங்காயைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் மாசத்துக்கு ஒருவராவது "அண்ணா, அந்தச் சின்ன ரைஃபிள் ஒன்று வாங்கி வைத்தால் வீட்டுக்குப் போதாதா?" என்று கேட்கிறார்கள்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 350 டாலருக்குக் கொஞ்சம் கீழே ஆனது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, லைசென்ஸையும் க்ரீன் கார்டையும் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் வாங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பால் கார்டு வாங்க ஊரில் நின்ற வரிசை ஞாபகம் வந்தது. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: மத்தியச் சட்டப்படி உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கவே தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் துப்பாக்கியை வாங்கி உங்கள் வீட்டில் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், விசா போய்விடும், அதற்கு மேலும் போகும்.

இனி துப்பாக்கி. 1964-இல் வந்த மாடல், இன்றுவரை எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், உருவம் பெரிதாக மாறவில்லை. எடை 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ, ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிப் பழகிய கைக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். குழல் பதினெட்டரை அங்குலம். இதன் உயிரே அந்தப் பத்து ரவை மேகசின்தான், அதாவது தோட்டா அடைக்கிற டப்பி, தீப்பெட்டியைக் காட்டிலும் கொஞ்சம் பெரிதாக, துப்பாக்கியின் வயிற்றுக்குள் முழுசாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஒரு சக்கரம் சுழல்கிறது, ஒவ்வொரு தோட்டாவும் சக்கரத்தின் தனித்தனிப் பள்ளத்தில் இருக்கும். .22 தோட்டாவுக்குப் பின்பக்கம் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, சாதாரண நீள மேகசினில் அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். சக்கரத்தில் அந்தப் பிரச்சினையே கிடையாது. அறுபது வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார்கள், கும்பிடத் தோன்றுகிறது.

நான் முதன்முதலாகச் சுட்டதும் .22 தான், காலேஜில் என்சிசி முகாமில், மணல் மூட்டை மேல் குழலை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, ஆளுக்கு எண்ணி ஐந்து ரவை. அந்த ஐந்துக்காக மூன்று நாள் விடியற்காலை பரேடு. இங்கே ஐந்நூறு ரவை உள்ள டப்பாவைத் தூக்கிக் கூடையில் போடும்போது உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இன்னும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான், யாராவது "நல்லா வேலை செய்யுது" என்றால் எத்தனை தடவையில் என்றுதான் வாயில் வரும். அதனால் ஒரு நோட்டுப் போட்டு எண்ணினேன். முதலில் கடையில் குவித்து விற்கிற மலிவு டப்பா, ரவை ஒன்று ஏழெட்டு சென்ட் விழும், கம்பெனி பெயர் வேண்டாம். ஐந்து சனிக்கிழமைகளில் 500 ரவை. அதில் 11 முதல் அடியில் வெடிக்கவில்லை. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் பதினொன்றையும் எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி அடித்ததில் எட்டு வெடித்தது, மூன்று கடைசிவரை வாயே திறக்கவில்லை. இதுபோக ஆறு தடவை காலி கூடு சரியாக வெளியே தெறிக்காமல் இடையில் மாட்டிக்கொண்டு நின்றது, அந்த ரவைகளின் சத்தமே மற்றதைவிட மந்தமாக இருந்தது, மருந்து பலம் குறைவு.

திருப்பிப் போட்டால் ஏன் வெடிக்கிறது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. தீபாவளிக்குச் சுருள் கேப் வைத்துச் சுட்ட எல்லோருக்கும் இது தெரியும். சிவப்புக் காகிதச் சுருளில் வரிசையாக மருந்துப் பொட்டு, சுத்தியல் பொட்டின் மேல் சரியாக விழுந்தால் 'பட்', கொஞ்சம் தள்ளி விழுந்தாலோ அந்தப் பொட்டில் மருந்தே இல்லாவிட்டாலோ வெறும் 'டக்'. .22 மாதிரி விளிம்பில் அடித்து வெடிக்கிற ரிம்ஃபயர் தோட்டாவும் கிட்டத்தட்ட அந்த ஜாதி. பெரிய தோட்டாக்களில், அதாவது சென்டர்ஃபயரில், பின்பக்க நடுவில் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதற்குள் தீப்பற்றும் மருந்தை அடைத்திருப்பார்கள், ஃபயரிங் பின் என்கிற ஊசி அங்கே போய்க் குத்தும். .22-இல் தனிக் கிண்ணம் கிடையாது. ஈர மருந்தைக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள், அது ஓடிப்போய் விளிம்பின் உட்பக்க மடிப்பில் ஒட்டிக்கொள்ளும், பின் வந்து அந்த விளிம்பில் ஓரிடத்தில் நசுக்கும். மடிப்பைச் சுற்றி மருந்து ஒரே சீராகப் பரவியிருந்தால் எங்கே அடித்தாலும் வெடிக்கும். ஒரு பக்கம் காலியாக இருந்து பின் அந்தப் பக்கமே விழுந்தால் 'டிக்'. திருப்பிப் போட்டால் மருந்து இருக்கிற இடத்தில் அடி விழுகிறது. துப்பாக்கி எத்தனை ஆயிரம் டாலர் போட்டு வாங்கினாலும் இந்த விதியை மாற்ற முடியாது, குறை தோட்டாவின் பிறப்பிலேயே இருக்கிறது. இந்தத் தோட்டா பிறந்தது 1887-இல். தவிர, ஈயக் குண்டும் கூடும் ஒரே பருமன் என்பதால் குண்டைக் கூடு இறுக்கிப் பிடிப்பதும் குறைவு, கராஜ் வெக்கையிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே நமத்துப்போக வாய்ப்பும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 500-க்கு 11 என்றால் நூற்றுக்கு இரண்டு சொச்சம், கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் பத்து ரவை மேகசினில் ஒன்றாவது ஏமாற்ற ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. ஐந்து தடவை கதவைத் திறந்தால் ஒரு தடவை பூட்டு மாட்டிக்கொள்ளும் என்றால் அந்தப் பூட்டை வீட்டு வாசலில் போடுவீர்களா?

அடுத்து விலை கூடிய ரகம். சிசிஐ மினிமேக், செம்பு பூசிய 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, நூறு நூறாகப் பிளாஸ்டிக் டப்பியில் வரும். 300 சுட்டேன், ஒன்றுகூட ஏமாற்றவில்லை, ஒன்றுகூட மாட்டவில்லை. ஆக, ரிம்ஃபயர் என்றாலே குப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில், அதுவும் இதே .22 தான், என்ன, அவர்கள் சுடுகிற ரவையின் தரமும் விலையும் வேறு. ஆனாலும் டெஸ்டிங்காரன் புத்தி சும்மா இருக்குமா. 300-இல் பூஜ்யம் என்றால் எப்போதும் பூஜ்யம் என்று அர்த்தமில்லை, குறை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கும் கீழே என்று நிரூபிக்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பத்து போதாது என்று இருபத்தைந்து ரவை வளைந்த மேகசின் ஒன்றை, ரூகர் தயாரிப்பில்லாத வேறு ஏதோ ஒரு கம்பெனியுடையதை, இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். மினிமேக்கே போட்டும் மூன்று மேகசினுக்கு ஒரு தடவை குண்டின் மூக்கு மேலே இடித்துக்கொண்டு நின்றது. ரூகரின் சொந்த இருபத்தைந்து ரவை மேகசினுக்கு இன்னும் பன்னிரண்டு டாலர் சேர்த்துக் கொடுக்க மனசு வராமல் போனதற்கு இந்தத் தண்டனை.

இந்தத் துப்பாக்கியில் ஒரு அமைப்பு, காகிதத்தைச் சுடும்போது கண்ணிலேயே படாது. கடைசி ரவை போனதும் போல்ட், அதாவது ரவையை உள்ளே தள்ளி அடைக்கிற பாகம், பின்னால் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். அதனால் 'டிக்' என்று கேட்டால் ரவை தீர்ந்துவிட்டதா, வெடிக்காத ரவை உள்ளே இருக்கிறதா என்று கைக்குத் தெரியாது. சுடப் பழகுகிற ரேஞ்சில் இதற்கு ஒழுங்கான முறை உண்டு, குழலை இலக்குப் பக்கமே காட்டிக்கொண்டு முப்பது விநாடி காத்திருந்து, அப்புறம்தான் போல்ட்டை இழுக்க வேண்டும், ஏனென்றால் சில ரவை தாமதமாக வெடிக்கும். வெடிக்காத வெடிகிட்டப் போகாதே என்று பாட்டி திட்டுவாளே, அதேதான். நடுராத்திரியில் வீட்டுக்குள் ஒருவன் நிற்கும்போது முப்பது விநாடி யார் கொடுப்பார்கள்? உடனே போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்ற வேண்டியதுதான், அதை இருட்டில், கை நடுங்க, ஆயிரம் தடவை பழகியிருக்க வேண்டும்.

வெடித்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 40 கிரெய்ன் என்பது இரண்டரை கிராம் சொச்சம்தான். அதன் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 185 ஜூல் சக்தி. சாதாரண 9 எம்எம் பிஸ்டல் தோட்டா 480 பக்கம். ஏஆர்-15 சுடுகிற .223 தோட்டா 1,700-ஐத் தாண்டும். அதற்காகச் சின்னதுதானே என்று யாரும் விளையாட வேண்டாம். டப்பா மேலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கிறார்கள். 1968-இல் ராபர்ட் கென்னடி செத்தது .22 ரிவால்வரால். ஆனால் 1981-இல் அதிபர் ரீகனைச் சுட்டதும் .22 தான், குண்டு இதயத்துக்கு ஒரு அங்குலத்தில் போய் நின்றது, அப்படியிருந்தும் மனுஷன் காரிலிருந்து இறங்கித் தன் காலாலேயே மருத்துவமனைக்குள் நடந்து போய், உள்ளே போனபிறகுதான் சாய்ந்தார். வீட்டுக் காவலில் நமக்கு வேண்டியது எதிராளி அந்த நொடியே நிற்பது. அரை மணி நேரம் கழித்து அவர் பிழைப்பாரா என்பது டாக்டர் கவலை. .22-இல் அந்த நொடி நிறுத்தத்துக்கு உத்தரவாதம் குறைவு, அதனால் நாலைந்து குண்டு ஒரே இடத்தில் வேகமாகப் போட வேண்டியிருக்கும், அப்போது மறுபடி அந்த 'டிக்' பிரச்சினைக்கே வந்து நிற்போம்.

வேகமாகப் போடுவதில் மட்டும் இதை மிஞ்ச ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உதையே இல்லை. என் மனைவி வாழ்க்கையில் தொட்டது அகர்வால் ஆன்ட்டி வீட்டு ஹோலி பிச்சுக்காரி, அந்தத் தண்ணீர்த் துப்பாக்கி மட்டும்தான், இரண்டாவது சனிக்கிழமையே ஏழு கஜத்தில் பத்து ரவையையும் இட்லி அகலத்துக்குள் போட்டாள். அதே கையில் என் நண்பரின் 12 கேஜ் ஷாட்கன்னைக் கொடுத்தபோது ஒன்று சுட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மூட்டு வலி இருப்பவர்கள், கை பலம் குறைந்த பெரியவர்கள், வேறு எதையும் சுட முடியாதவர்கள், இவர்களுக்கு .22 ரைஃபிள் ஒரு உண்மையான பதில்தான். படாத 9 எம்எம்மைவிடப் பட்ட .22 மேல். நல்ல ரவை, கம்பெனி மேகசின், மாசம் ஒரு தடவை பழக்கம், சுட்டபின் சுத்தம் (இந்த ரவைக் குண்டு மேல் பூசுகிற மெழுகும் கரியும் சேர்ந்து போல்ட்டைத் தோசைக்கல் அடிப்பக்கம் மாதிரி ஆக்கிவிடும்), இதெல்லாம் செய்தால்.

இன்னொரு தப்புக் கணக்கு சுவர். சின்னக் குண்டுதானே, சுவரைத் தாண்டாது என்று நானே நினைத்திருந்தேன். நாம் வளர்ந்தது ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள். இங்கே அறைக்கு அறை நடுவில் இருப்பது மரச்சட்டத்தின் இருபக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை, படம் மாட்ட ஆணி அடித்தாலே பொத்துக்கொண்டு போகும். .22 இந்த மாதிரிச் சுவர்களில் ஒன்றுக்கு மேல் சர்வசாதாரணமாகத் தாண்டும், அந்தப்பக்கம் தூங்குவது உங்கள் பிள்ளை. எந்தத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும், .22-க்கு விலக்கு இல்லை. சத்தமும் அப்படித்தான், வெளியில் பிஜிலி வெடி மாதிரிக் கேட்கும், மூடிய அறைக்குள் காதைக் கெடுக்கப் போதுமான சத்தம்.

எனக்குத் தீர்ப்பு வந்தது போன நவம்பரில் ஒரு ராத்திரி. மணி இரண்டரை இருக்கும், கீழே சமையலறைப் பக்கம் ஏதோ சரிந்து விழுகிற சத்தம். எழுந்தேன், சேஃபின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவதில் திறந்தேன், மேகசினைத் தள்ளினேன், போல்ட்டை இழுத்து விட்டேன். விசையைப் பூட்டி வைக்கிற சேஃப்டி பட்டனை இந்தப் பக்கம் அழுத்தினால் திறக்குமா அந்தப் பக்கமா என்று ஒரு கணம் விரல் திணறியது, ரேஞ்சில் கண்ணால் சிவப்புக் கோட்டைப் பார்த்தே பழகியவன். இன்னொரு கையில் செல்போன் டார்ச், ஏனென்றால் இந்த அடிப்படை மாடலின் முன்பக்கத்தில் விளக்கு மாட்ட இடமே இல்லை. ஒரு கையில் ரைஃபிளும் ஒரு கையில் போனுமாக, லுங்கியோடு மாடிப்படி மேலே நின்ற அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அப்போது மண்டைக்குள் ஓடியதெல்லாம் அந்த நோட்டில் எழுதிய 11 தான். உள்ளே இருந்தது நல்ல ரவை என்று தெரியும், தெரிந்தும் ஓடியது. சத்தம் என்னவென்றால் ஃபிரிட்ஜின் ஐஸ் மேக்கர், மகன் ராத்திரி தண்ணீர் பிடித்துவிட்டு ஐஸ் டப்பாவைச் சரியாகத் தள்ளாமல் போயிருக்கிறான், கட்டியெல்லாம் தரையில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மறுநாள் கேட்டது, "நாலு போல்ட்டு நல்லதா கதவுக்குப் போட்டா என்னடா?"

போட்டேன். கதவு நிலையில் தாழ் விழுகிற தகட்டில் கம்பெனி போட்டிருந்த திருகாணி முக்கால் அங்குலம், அதைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத் திருகாணி, உள்ளே மரச்சட்டம் வரை போகும். பெட்டி ஆறு டாலர். கராஜுக்கு உள்தாழ், பின்பக்கம் அசைவு தெரிந்தால் எரிகிற விளக்கு. அப்புறம், ஆறு மாசம் யோசித்து, 9 எம்எம் சுடுகிற ரூகர் பிசி கார்பைன் என்கிற குட்டை ரைஃபிள் ஒன்று வாங்கினேன். விலை இரு மடங்குக்கு மேல், எடை ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, தோட்டா ஒன்று இருபத்தைந்து சென்ட் பக்கம், ஆனால் விளக்கு மாட்ட இடம் இருக்கிறது, கடைசி ரவைக்குப் போல்ட் திறந்து நிற்கிறது, உதையும் மனைவிக்குத் தாங்குகிற அளவுதான். இரண்டும் சேஃபில்தான் இருக்கும். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி கிடைக்கிற மாதிரி வைத்தால் அது குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் கட்டில் இழுப்பறையில் வைக்கிற ஆட்களிடம் நான் பேச்சே வைத்துக்கொள்வதில்லை.

மார்க் போட வேண்டுமென்றால், சுடப் பழக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, சனிக்கிழமை தகர டப்பா உருட்ட, 10/22-க்குப் பத்துக்குப் பத்து, யோசிக்காமல் வாங்கலாம். வீட்டுக் காவலுக்கு ஐந்து, வேறு எதையும் தூக்க முடியாதவர் என்றால் ஏழு. கையில் இது ஒன்றுதான் இருக்கிறது, வேறு வாங்க இப்போதைக்கு வழியில்லை என்பவர்கள் பயப்பட வேண்டாம், நல்ல ரகத்தில் இருநூறு முந்நூறு ரவையை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு எண்ணிப் பாருங்கள், ஒன்று ஏமாற்றினாலும் ரகத்தை மாற்றுங்கள், மலிவு டப்பாவை ரேஞ்சுக்கு மட்டும் வையுங்கள். என்னிடம் அந்த மலிவு டப்பா இன்னும் ஒன்றே முக்கால் மிச்சம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை வந்தால் சேர்ந்து தீர்க்கலாம், காதுக்கு மாட்டுவதை மட்டும் ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுங்கள்.